வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து தத்தெடுப்பு வரை: மறுமணக் குடும்பத்தில் இறைநம்பிக்கையை எப்படிக் கையாள்வது?

ஒரு குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்துக்கு மட்டும், ஏற்றுக்கொண்டு, சட்டம் இடங்கொடுத்தால் பிறகு அதையே தத்தெடுக்கலாம் என்று எண்ணும் தம்பதியர் இறைநம்பிக்கை உள்ளவர்களாக இருந்தால், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். "இந்தக் குழந்தை எங்களுக்கே நிலைக்க வேண்டும்" என்று அதன் காதுபட வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுபவர்களுக்கு அது அன்பு. ஆனால் இரவில் தாயை நினைத்துத் தலையணையை நனைக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கோ, தன் அம்மா குணமாகித் திரும்பி வரக் கூடாது என்று இந்த வீட்டார் கடவுளிடம் கேட்பதாகவே அது புரியும். அதன் பிறகு அந்தக் கடவுளின் பெயரைக் கேட்டாலே அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதில் வியக்க ஒன்றுமில்லை.

வளர்ப்புப் பராமரிப்பின் முதல் நோக்கம் குழந்தையைப் பெற்றோரிடமே பாதுகாப்பாகத் திருப்பி அனுப்புவது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். அமெரிக்காவில் பராமரிப்பிலிருந்து வெளியேறும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெற்றோரிடமே திரும்புகிறார்கள். அங்குள்ள 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு குழந்தை கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் பராமரிப்பில் இருந்திருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்குவதற்கு மாநில நிர்வாகம் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை தாய் தந்தைக்கு வாய்ப்பு திறந்தே இருக்கும். இங்கிலாந்தில் தத்தெடுக்கத் தகுதி பெற்றவர்களே முதலில் வளர்ப்புப் பெற்றோராக இருந்து நீதிமன்றத்தின் முடிவுக்குக் காத்திருக்கும் ஏற்பாடு உண்டு. இந்தியாவில் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தையைத் தத்தெடுக்க முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது; 2024ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் அதை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தன. எந்த நாடானாலும், இடைப்பட்ட காலத்தில் உங்கள் வீட்டில் இருப்பது இன்னொருவருடைய குழந்தை.

ஆகவே குழந்தை கேட்கும்படி சொல்லும் வேண்டுதலை மாற்றுவதே முதல் வேலை. "இவளுடைய அம்மாவுக்கு உடல்நலமும் மனத்தெளிவும் கிடைக்கட்டும், நீதிபதிக்கும் சமூகப் பணியாளருக்கும் சரியான முடிவு தோன்றட்டும், என்ன நடந்தாலும் தாங்கும் வலிமையை எங்கள் எல்லோருக்கும் கொடு" என்ற அளவில் அது இருந்தால் போதும். இதை உதட்டளவில் சொல்லக் கூடாது. குழந்தைகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். மனதாரச் சொல்ல முடியாத நாளில் பேசாமல் இருந்துவிடுவதே நல்லது. குழந்தை தங்களுக்கே வேண்டும் என்ற ஏக்கம் குற்றமில்லை. அதைக் கொட்டுவதற்கு உரிய இடம் பிள்ளைகள் தூங்கிய பின் கணவன் மனைவி பேசிக்கொள்ளும் நேரம், அல்லது நீங்கள் நம்பும் ஆன்மிகப் பெரியவர் ஒருவரின் முன்னிலை.

விண்ணப்பிக்கும் முன்

மறுமணத்தால் இணைந்த குடும்பம் என்பது ஏற்கெனவே சில இழப்புகளின் மேல் எழுந்தது. மணமுறிவோ மரணமோ நிகழ்ந்து, அதன் பின் இருவர் சேர்ந்து, அவரவர் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் பழகிக்கொள்வதற்குச் சில மாதங்கள் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டுகள் ஆகும் என்பதே அத்தகைய குடும்பங்களோடு பணியாற்றும் ஆலோசகர்களின் அனுபவம். இந்தியத் தத்தெடுப்பு விதிகள் தம்பதியருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கையைக் கேட்கின்றன. மறுமணக் குடும்பத்துக்கு அது மிகக் குறைந்த எல்லை என்பது என் கருத்து. ஒருவர் பிள்ளையை மற்றவர் கண்டிக்கலாமா, கண்டித்தால் எந்த அளவுக்கு என்ற கேள்வியே வீட்டில் இன்னும் தீராமல் இருக்கும்போது, மூன்றாவதாக ஒரு குழந்தையை அந்தச் சச்சரவுக்குள் கொண்டுவருவது நியாயமாகாது.

இறைநம்பிக்கையைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியவை சில உண்டு. இருவரும் ஒரே மதத்தினர் என்பதாலேயே இதைக் கடந்துபோய்விடக் கூடாது. ஒரே மதத்துக்குள் ஒருவர் நாள்தோறும் வழிபடுபவராகவும் மற்றவர் விழாக்களுக்கு மட்டும் தலைகாட்டுபவராகவும் இருப்பது இருவேறு மதத்தினர் சேர்ந்து வாழ்வதைவிடச் சில வீடுகளில் கூடுதல் உரசலைத் தருகிறது. வேறு மதத்தில் பிறந்த குழந்தையை ஏற்கத் தயாரா? எந்த நம்பிக்கையும் இல்லாத வீட்டிலிருந்து வந்து, வழிபாட்டு நேரத்தில் "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லும் பதினான்கு வயதுப் பிள்ளையை அன்று வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? உங்கள் மதம் விலக்கிய உணவை அந்தக் குழந்தை பழக்கத்தால் கேட்டால் என்ன பதில்? தற்பாலீர்ப்பு உள்ள பிள்ளையாக இருந்தால்? இவற்றுக்கு உங்களிடம் உள்ள விடை, பணியாளரிடம் சொல்லத் தயங்கும் விடையாக இருந்தால், எந்த வகைக் குழந்தைக்கு உங்கள் வீடு பொருந்தாது என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்றபின் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை இன்னொரு வீட்டை இழக்கிறது.

உங்கள் வீடும் குடும்பமும் குழந்தைக்கு ஏற்றவையா என்று அமைப்பு ஆராயும் வீட்டு மதிப்பீட்டின்போது முன்னாள் கணவர் அல்லது மனைவியிடமும் விசாரிக்கப்படலாம் என்பதை எதிர்பார்த்திருங்கள். உங்கள் பிள்ளைகள் வாரக்கணக்கில் மாறிமாறி இரு வீடுகளில் வளர்கிறார்கள் என்றால், புதிய குழந்தை வரப்போவது அந்த வீட்டாருக்கு உங்கள் வாயிலாகத் தெரிய வேண்டும். ஆனால் அந்தக் குழந்தை ஏன் பராமரிப்புக்கு வந்தது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

சட்டம் வரையும் எல்லை

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 14ஆம் பிரிவில் குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, மத உரிமைகளை ஏற்கிறது. குடும்பத்தை விட்டுப் பிரிந்த குழந்தைக்கு மாற்றிடம் தேடும்போது அதன் வளர்ப்பில் தொடர்ச்சி அறுந்துவிடாமலும், அதன் இன, மத, பண்பாட்டு, மொழிப் பின்னணியைக் கருத்தில் கொண்டும் செயல்பட வேண்டும் என்பது 20ஆம் பிரிவு. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இன்னும் கறாரானது: பராமரிப்பு ஆணை (குழந்தையை உள்ளூர் அதிகார அமைப்பின் பொறுப்பில் வைக்கும் நீதிமன்ற உத்தரவு) இல்லாமல் இருந்திருந்தால் எந்த மதத்தில் குழந்தை வளர்ந்திருக்குமோ, அதைத் தவிர வேறொரு மதத்தில் அதை வளர்க்க உள்ளூர் அதிகார அமைப்பு இடங்கொடுக்கக் கூடாது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? திரும்பப் பெற முடியாத எதையும் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் செய்யக் கூடாது. ஞானஸ்நானம், முடியிறக்குதல், காது குத்துதல், விருத்தசேதனம், உபநயனம், புதுப்பெயர் சூட்டுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வழிபாட்டு இடத்துக்கு அழைத்துச் செல்வது பல இடங்களில் அனுமதிக்கப்படுகிறது, ஆனால் கட்டாயப்படுத்துவது அனுமதிக்கப்படுவதில்லை. உங்கள் பகுதி விதி எதுவென்று பணியாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு, அவர் சொன்ன பதிலை நாளோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சொந்த மதம் வேறாக இருந்தால், அதன் விழா நாள்கள், உணவு விதிகள், படிக்கும் நூல், அணியும் சின்னம் ஆகியவற்றைப் பெற்றோரிடமே கேட்டறிவது நல்லது. இப்படிக் கேட்பதே அந்தத் தாய்க்கு உங்கள் மேல் முதல்முறையாக ஒரு நம்பிக்கையைத் தரக்கூடும். தன் பிள்ளையைப் பறித்துக்கொள்ள வந்தவர்கள் என்று நினைத்தவரிடம், "உங்கள் வீட்டில் இரவு என்ன சொல்லிவிட்டுத் தூங்க வைப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பிள்ளைகள்

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் விசாரிக்க மறக்கும் ஆள் இவர்கள்தாம். அவர்களிடம் கருத்துக் கேளுங்கள். ஆனால் முடிவின் பாரத்தை அவர்கள் தோளில் வைக்காதீர்கள். "உனக்குச் சம்மதமென்றால் மட்டும் கூட்டி வருவோம்" என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்வது பெருந்தன்மை போலத் தோன்றினாலும், நாளை ஏதாவது கெட்டால் தன்னால்தான் கெட்டது என்று அது நம்பும்படி செய்துவிடுகிறது.

மறுமணக் குடும்பத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு பிள்ளைக்கு அம்மா இங்கே, அப்பா வேறு ஊரில். சனிக்கிழமை வந்தால் பையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போகிறது. இன்னொரு பிள்ளையின் அம்மா இறந்துவிட்டார். புதிதாக வந்த குழந்தையோ, தன் தாயை அலுவலகம் ஒன்றின் அறையில் மேற்பார்வையோடு ஒரு மணிநேரம் மட்டும் பார்க்கிறது. சில வாரங்களில் அவர் வராமலே போகிறார். மூவருக்கும் பெற்றோரில்லாத வெற்றிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. உயிரோடு இருந்தும் கைக்கெட்டாத ஒருவரை இழக்கும் இந்த நிலையை, பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பவியல் அறிஞர் 1970களிலிருந்து ஆராய்ந்து, தெளிவற்ற இழப்பு என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். முடிவு தெரியாததால் துயரமும் முடிவதில்லை என்பதே அதன் சாரம். "உன் கஷ்டம் எனக்கும் தெரியும்" என்று உங்கள் பிள்ளைகளைச் சொல்ல வைக்காதீர்கள், தெரியாது. ஆனால் சனிக்கிழமைப் பை தயாராகும்போது புதிய குழந்தை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அந்த நேரத்துக்கு அதனோடு செய்வதற்கென்று ஒரு வேலையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரு வீடுகளில் வளரும் பிள்ளைக்கு அங்கே ஒரு நம்பிக்கை, இங்கே ஒரு நம்பிக்கை இருக்கலாம். அந்த வீட்டு வழிபாட்டை இங்கே கேலி செய்தால், வேறு மதத்திலிருந்து வந்திருக்கும் குழந்தை அதைத் தன்னைப் பற்றியதாகவே எடுத்துக்கொள்ளும். வழிபாட்டில் கலந்துகொள்ளும் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம், புதியவருக்கு விருப்பம் என்று வைத்தால் ஒரு பக்கம் பொறாமையும் மறுபக்கம் தனிமையும் வளரும். எல்லோரும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருவது, வேண்டுபவர் வேண்டலாம், வேண்டாதவர் படம் வரையலாம் என்ற ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் நிலைத்து நிற்கக்கூடியது. நான்கு வயதுக்காரர் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்வாரா என்று கேட்காதீர்கள். இரண்டு நிமிடம் போதும்.

சொல்லக் கூடாதவையும் சொல்லத்தக்கவையும்

தமிழில் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்ற தொடரைச் செய்தித்தாள் முதல் சட்டமன்றம் வரை எல்லோரும் கூசாமல் பயன்படுத்துகிறோம். மறுமணக் குடும்பத்தில் வளரும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது. நம் வீட்டுக்குள்ளாவது அதைத் தவிர்க்கலாம். "எடுத்து வளர்க்கிறோம்", "அநாதை", "பாவம், யாருமில்லாத பிள்ளை" போன்றவையும் அப்படித்தான். யாருமில்லாத பிள்ளையாக இருந்தால் ஏன் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது?

பக்திமொழியில் மறைந்திருக்கும் காயங்கள் இவற்றைவிடக் கூர்மையானவை. "கடவுள் உன்னை எங்களுக்காகவே அனுப்பினார்" என்று சொல்லும்போது, அப்படியானால் அம்மாவின் போதைப் பழக்கத்தையும், அன்று விழுந்த அடிகளையும் அவர்தானே ஏற்பாடு செய்தார் என்று யோசிக்கும் வயது குழந்தைக்கு விரைவில் வந்துவிடும். "முன்வினை" என்ற விளக்கம் துன்பப்பட்டவரையே குற்றவாளியாக்குகிறது. "நன்றியோடு இரு" என்பதைவிடக் கசப்பான அறிவுரை இந்தச் சூழலில் இல்லை. உங்கள் சொந்தப் பிள்ளை உணவுக்கும் படுக்கைக்கும் உங்களிடம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறதா? மன்னிப்பையும் வற்புறுத்தாதீர்கள். அடித்தவரை மன்னிக்கச் சொல்வது, நடந்ததை வெளியே சொல்லாதே என்று சொல்வதாகக் குழந்தையின் காதில் விழும். பெற்றோரை மதிக்க வேண்டும் என்று வேதங்கள் சொல்வதைப் படித்துவிட்டு, "என் அம்மாவையும் மதிக்க வேண்டுமா?" என்று அது கேட்டால், "அம்மாவை நேசிக்கலாம், அம்மா செய்த சில காரியங்கள் தவறு என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்" என்பது போதுமான பதில்.

மதங்களின் கதை மரபில் இரு தாயருக்கு இடமுண்டு என்பதை வேண்டிய இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. யசோதையைப் போற்றுவதற்காக யாரும் தேவகியை இழிவுபடுத்தவில்லை. மோசேயை அரண்மனையில் பார்வோனின் மகள் வளர்த்தாலும், பாலூட்டியவள் பெற்ற தாயே. எஸ்தரை வளர்த்தவர் உறவினரான மொர்தெகாய். நபிகள் நாயகம் தந்தையைப் பார்த்ததே இல்லை. தாயையும் சிறு வயதில் இழந்து, முதலில் பாட்டனாரிடமும் பிறகு தந்தையின் உடன்பிறந்தவரிடமும் வளர்ந்தவர். இஸ்லாமிய மரபில் கஃபாலா என்ற பொறுப்பேற்பு முறையில் குழந்தையின் வம்சப் பெயர் மாற்றப்படுவதில்லை. குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது. பழைய பெயரைத் துடைத்துவிட்டால்தான் பாசம் ஒட்டும் என்று நினைப்பவர்கள், அவர்கள் எந்த மதத்தவரானாலும், இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கதையைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆகவே நீயும் கண்ணனைப் போல" என்று பாடம் எடுக்கத் தொடங்கினால் குழந்தை எழுந்து போய்விடும்.

உங்களை எப்படி அழைப்பது என்பதைக் குழந்தையிடமே விடுங்கள். அத்தை, மாமா, பெரியம்மா, சின்னம்மா, பெயரோடு சேர்த்த அம்மா என்று தமிழில் இடைப்பட்ட முறைகள் பல இருப்பது இங்கே ஒரு வரம். மறுமணத்தால் வந்த பிள்ளைகள் ஏற்கெனவே உங்களுக்கு வைத்திருக்கும் அழைப்பையே புதிய குழந்தையும் எடுத்துக்கொள்ளக்கூடும்.

வழிபாட்டுச் சமூகத்தோடு

நம்பிக்கைக் குழுவினர் உதவ ஆசைப்படுவார்கள். கூடவே கதையும் கேட்பார்கள். "அது அந்தக் குழந்தையின் கதை, வளர்ந்தபின் விரும்பினால் அவளே சொல்வாள்" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் பழகி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சாட்சி சொல்வது, குழந்தையை முன்னே நிறுத்தி ஆசி பெறுவது, படத்தைக் குழுவில் பகிர்வது மூன்றும் வேண்டாம். படம் பகிர்வது பெரும்பாலான இடங்களில் விதிமீறலும்கூட. உதவி கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள்: பள்ளியிலிருந்து உங்கள் பிள்ளைகளை அழைத்து வருவது, நீதிமன்ற நாளில் சமைத்துக் கொடுப்பது. குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முன்வருபவர் எவ்வளவு பக்தராக இருந்தாலும், அமைப்பின் பின்னணிச் சரிபார்ப்பு முடியாமல் ஒப்படைக்கக் கூடாது.

கூட்டமும் உரத்த இசையும் முன்பின் தெரியாதவர்களின் அணைப்பும் வன்முறையைக் கண்ட குழந்தையை நிலைகுலைய வைக்கலாம். ஓரத்து இருக்கையில் அமருங்கள். பாதியில் எழுந்து போகத் தயாராக ஒருவர் இருக்க வேண்டும். சில குழந்தைகள் மதத்தின் பெயராலேயே தண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட பாடலோ வாசனையோ அதை நடுங்க வைத்தால், காரணம் கேட்டுத் துருவாமல் வெளியே அழைத்துவந்து, மனநல ஆலோசகரிடம் தெரிவியுங்கள். வேண்டுதல் அந்த ஆலோசகருக்கு மாற்று ஆகாது.

குழந்தை திரும்பிப் போனால்

இந்த நாளுக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும் இந்த நாள் வலிக்கும். பொருள்களை நல்ல பெட்டியில் அடுக்கிக் கொடுங்கள், குப்பைப் பையில் திணிக்காதீர்கள். இங்கே கழிந்த நாள்களின் படங்களையும் பெயர்களையும் ஒரு தொகுப்பாக்கிக் கொடுங்கள். பெற்றோர் முன்னிலையில் அழுது குழந்தையைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்காமல் விடைகொடுத்த பிறகு, வீட்டில் அழுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்தே அழுங்கள். "கடவுள் நம் வேண்டுதலைக் கேட்கவில்லையா?" என்று உங்கள் மகன் கேட்பான். விடை தெரிந்தவர் போல நடிக்காதீர்கள். முன்பே ஒரு பெற்றோரைப் பிரிந்தவனுக்கு இது இரண்டாவது பிரிவு என்பதால், அவனுடைய கோபம் உங்கள் மேலோ உங்கள் இணையர் மேலோ திரும்பலாம். அடுத்த குழந்தைக்கு உடனே சம்மதம் சொல்லாமல் சில மாதங்கள் இடைவெளி விடுங்கள்.

தத்தெடுப்பு உறுதியானால்

நீதிமன்றம் பெற்றோர் உரிமையை நீக்கிய நாள் குழந்தைக்குத் துக்க நாள் என்பதை மறந்து, வீட்டில் இனிப்பு வழங்குவதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். தத்தெடுப்பு ஆணை கையெழுத்தாகும் நாள் வேறு. அன்று கொண்டாடலாம், குழந்தை விரும்பினால். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் 10, 12 அல்லது 14 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதம் சட்டப்படியே வேண்டும். சிறிய பிள்ளையிடமும் கேட்பதற்குச் சட்டம் தடையில்லை. தம்பதியர் இருவருமே ஆணையில் பெற்றோராகப் பதிவாகிறார்களா என்று சரிபாருங்கள். உயில், காப்பீடு, ஒருவர் இறந்தால் யார் பொறுப்பு என்பவற்றையும் உங்கள் முதல் திருமணத்துப் பிள்ளைகளோடு சமமாகத் திருத்தி எழுதுங்கள். புதிய குழந்தைக்கு இருவரும் சட்டப் பெற்றோராகிவிட்ட பிறகு, உங்களில் ஒருவரைச் சட்டப்படி அல்லாமல் மறுமணத்தால் மட்டுமே பெற்றோராக உடைய பிள்ளைக்கு "இவளுக்கு நீ முழு அப்பா, எனக்கு மட்டும் பாதியா?" என்ற கேள்வி எழும், அதற்கு முன்னதாகவே அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசிவிடுங்கள்.

இப்போது மதச் சடங்குகளுக்குச் சட்டத் தடை நீங்கியிருக்கும். அவசரப்படாதீர்கள். ஓராண்டாவது கழியட்டும், பிறகு கேளுங்கள், மறுத்தால் அதோடு விடுங்கள். ஆணைக்குப் பிந்தைய வாரங்களில் குழந்தை முன்பைவிட அடம்பிடிப்பதும் படுக்கையை நனைப்பதும் வழக்கம். இனி அனுப்ப முடியாது என்பது உண்மைதானா என்று அது சோதித்துப் பார்க்கிறது. ஆலோசகரிடம் செல்வதை அப்போது நிறுத்திவிடக் கூடாது. இரவு வேண்டுதலில் இதுவரை அந்தத் தாயின் பெயரைச் சொல்லிவந்திருந்தால், ஆணை வந்த மறுநாளும் அதே இடத்தில், அதே குரலில் சொல்லுங்கள். அந்தப் பெயர் வருகிறதா என்று கண்ணை மூடியபடியே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.